ஈயக்குட்டைச் சேற்றில் ஆர்சனிக்: மாதிரி எடுத்தபோது நேர்ந்தது

களப்பணி_பூச்சோங்:
பழைய லம்பக் குட்டை, அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது, எல்லாருக்கும் தெரிந்த வகைதான். அடிச்சேற்றைத் தாடையால் அள்ளும் எக்மன் கவ்வி சரிவரவில்லை. தாடைக்குள் ஒரு சிறு கல் மாட்டினால் போதும், மேலே வருவதற்குள் நுண்சேறு ஒழுகிப்போய் மணல் மட்டும் மிஞ்சும். ஆர்சனிக் ஒட்டியிருப்பதோ அந்த நுண்சேற்றில். ஆகவே பிளாஸ்டிக் குழாய் இறக்கி எடுத்தது. மேலே ஒரு சென்டிமீட்டர் துருநிறம், கீழே கன்னங்கரேல், அழுகிய முட்டை வாடை. 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தட்டில் வைத்த கால் மணிக்குள் கருப்பின் ஓரம் பழுப்பேறிவிட்டது. காற்று பட்டுவிட்டது, மாதிரி கெட்டுவிட்டது.

ஆய்வகம்75:
அண்ணே, மொத்த ஆர்சனிக் பார்க்க அது கெடவில்லை. ஆர்சனிக்கின் ஆக்சிஜனேற்ற நிலை மூன்றா ஐந்தா என்று வடிவம் பிரிக்கத்தான் கெட்டது. அதற்கு வெட்டுவதே நைட்ரஜன் பையில் நடக்க வேண்டும். சேற்றுத் துகள்களுக்கு நடுவே நிற்கும் இடுக்குநீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, வடிவம் மாறாமல் காக்க இடிடிஏ சேர்த்து, இருட்டில் குளிர வைக்கணும். பெரிய தப்பு வேறு இடத்தில் நடக்கிறது: ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைத்து, தனிமங்களை நிறை வாரியாக எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் விட்டால், அமிலத்தின் குளோரைடும் கருவியின் ஆர்கான் வாயுவும் சேர்ந்து 75 நிறையில் நிற்கும். ஆர்சனிக்கும் 75தான். அந்தக் கூட்டை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறை இல்லாமல் வந்த எண் பொய்யாகக் கூடியிருக்கும்.

தித்திவாங்சா_நடை:
அப்படியென்றால் குட்டைத் தண்ணீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே என்று வருவது எப்படி?

ஆய்வகம்75:
மேல்நீர், அதனால்தான். ஆக்சிஜன் இருக்கும்வரை துருப்படலம் ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் இரும்பு கரையும், கூடவே அதுவும் வெளியேறும். அடியிலிருந்து அரை மீட்டர் மேலேயும் ஒரு பாட்டில் எடுக்கணும்.

சுங்கைபீசி_அக்கா:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குட்டைச் சேற்றை வாரி வந்து பூச்சட்டிக்கு உரமாகப் போடாதீங்க. குட்டையோரத்துக் கங்கோங் கீரை வேண்டாம், வேரில் சேறும் துருவும் ஒட்டியே வரும். திலாப்பியா பிடித்தால் குடலும் ஈரலும் தூக்கிப் போடுங்க. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது, வற்ற வற்றக் கூடும். பிள்ளைகள் கரையில் விளையாடினால் சாப்பிடும் முன் நகக்கண்வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. குட்டையை ஆழப்படுத்த எக்ஸ்கவேட்டர் இறங்கும் நாட்களில் தண்ணீர் கலங்கியிருக்கும், அப்போது பக்கத்திலேயே போகாதீங்க.