ஹூப்ரிஸ்: செருக்கா, அத்துமீறலா, அடாவடியா?

அனைவருக்கும் வணக்கம்.

தேவர்களின் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த கிரேக்கப் புராண நாயகன் பிரமீத்தியூஸ் பற்றிய கட்டுரைக்காக ‘ஹூப்ரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். செருக்கு, தருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம், மமதை, அத்துமீறல் என்று வந்து குவிந்துவிட்டது. நன்றி. ஆனால் கடைசிச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் மனத்துக்குள் இருப்பவை. ஒருவன் திண்ணையில் தனியாக உட்கார்ந்துகொண்டே செருக்கோடு இருக்கலாம். ஹூப்ரிஸ் அப்படி இல்லை. அதற்கு எதிரில் இன்னொருவர் வேண்டும்.

சொல் ஆங்கிலம் வழியாக வந்ததுதான் சிக்கல். அங்கே அது ‘விழுவதற்கு முன் வரும் தலைக்கனம்’ என்று சுருங்கிவிட்டது. ஏதென்ஸில் அது வழக்காடுமிடத்துச் சொல். டயோனிசஸ் விழாவில், நிறைந்த அரங்கில், எல்லாரும் பார்க்க பேச்சாளர் டெமாஸ்தனீஸை மெய்டியாஸ் என்ற செல்வந்தன் அடித்தான். அந்த வழக்குக்காக டெமாஸ்தனீஸ் எழுதிய உரையில் ஹூப்ரிஸ் சட்டம் வருகிறது: குழந்தை, பெண், ஆண், சுதந்திரர், அடிமை, யார்மேல் செய்தாலும் குற்றம். அரிஸ்டாட்டில் இன்னும் கறாராகச் சொல்கிறார். தனக்கு ஒரு ஆதாயமும் இல்லாமல், பழிவாங்கலும் இல்லாமல், எதிராளி அவமானப்படுவதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே செய்வது ஹூப்ரிஸ். வெறும் தலைக்கனத்துக்கு கிரேக்கர்களிடம் ‘பெரிதாய் எண்ணுதல்’ என்று தனித் தொடரே இருக்கிறது. செருக்கை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆணவத்தை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். சைவ சித்தாந்தத்தில் அது மும்மலங்களில் ஒன்று, உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பது. அதைத் தூக்கி ஒரு கிரேக்க டைட்டன் (மூத்த தலைமுறைத் தேவன்) தலையில் வைத்தால் மற்ற இரண்டு மலங்களான கன்மமும் மாயையும் பின்னாலேயே வந்து நிற்கும்.

இனி பிரமீத்தியூஸுக்கு வருகிறேன். கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பெயரில் வழங்கும் ‘கட்டுண்ட பிரமீத்தியூஸ்’ நாடகத்தில் (அவர்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு) இந்தச் சொல் வரும் இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது 82ஆம் அடி. நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்தவனை சீதிய நாட்டுப் பாறையில் கொல்லர் தேவன் ஹெஃபைஸ்டஸ் அறைந்து முடிக்கிறார், மனசே இல்லாமல். பக்கத்தில் நிற்கும் கிராட்டோஸ், அதாவது அதிகாரம், ஏளனம் செய்கிறான்: இனி இங்கே இருந்து ஹூப்ரிஸ் செய், தேவர் சொத்தைத் திருடி ஒரே நாள் வாழும் உயிர்களுக்குக் கொடு பார்க்கலாம் என்று. இரண்டாவது 970ஆம் அடி. மிரட்ட வந்த தேவதூதன் ஹெர்மீஸிடம் பிரமீத்தியூஸ் பேசுகிறான்: ஹூப்ரிஸ் செய்பவர்களிடம் இப்படித்தான் ஹூப்ரிஸ் செய்ய வேண்டும்.

கவனியுங்கள், அவனுடைய குற்றத்துக்கு அது நாடகம் வைத்த பெயர் அல்ல, அதிகாரத்தின் வாயிலிருந்து வரும் வசவு. அவன் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறான். ஆகவே நமக்கு வேண்டியது இரு பக்கமும் வீசக்கூடிய, வினையாகவும் மாறக்கூடிய சொல். ‘செருக்குபவரிடம் இப்படித்தான் செருக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். நடிகர் மேடையில் சொன்னால் சிரிப்பார்கள்.

இலக்கிய எதிரொலிகளுக்கும் இது முக்கியம். 1820இல் பெர்சி ஷெல்லி இதே கதையை எடுத்தபோது அவருடைய பிரமீத்தியூஸ் தேவர் தலைவன்மேல் தான் இட்ட சாபத்தைத் திரும்பப் பெறுகிறான், எந்த உயிரும் துன்பப்பட வேண்டாம் என்கிறான். ‘இப்படித்தான் திருப்பிச் செய்ய வேண்டும்’ என்ற பழைய அடிக்கு அது நேர் எதிர். இரண்டு ஆண்டு முன்னால், 1818இல், மேரி ஷெல்லி தன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு ‘நவீன பிரமீத்தியூஸ்’ என்று துணைத்தலைப்பு கொடுத்தார். செயற்கையாக ஓர் உயிரை உண்டாக்கும் நாயகன் விக்டரின் குற்றம் கடவுள் வேலையைத் தொட்ட செருக்கு என்று பாடநூல்கள் எழுதும். எனக்கு அது பாதிதான் சரி. உயிர் கொடுத்த அன்றைக்கே அதன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஓடிப்போகிறான் பாருங்கள், இன்னோர் உயிர்மேல் அவன் செய்தது அதுதான். பிரமீத்தியூஸ் மனிதர்களை விட்டு ஓடவில்லை, அவர்களுக்காகக் கழுகுக்குத் தன் ஈரலைக் கொடுத்தான். செருக்கு என்று மொழிபெயர்த்தால் நாவலின் முதல் பாதிதான் கண்ணில் படும்.

நானே முதலில் ‘மதர்ப்பு’ என்றுதான் நினைத்தேன். பயிர் மதர்ப்பதும் மனிதன் மதர்ப்பதும் தமிழில் ஒரே வினை. கிரேக்கரும் காய்க்காமல் இலையாகவே தழைக்கும் செடியின் போக்கை ஹூப்ரிஸ் என்றதுண்டு. ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்தில் (கி.மு. 472) பாரசீக மன்னன் டரையஸின் ஆவி சொல்கிறது: ஹூப்ரிஸ் பூத்து அழிவு என்னும் கதிரை ஈனும், அறுப்பது கண்ணீர். எவ்வளவு பொருத்தம்! ஆனால் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் அந்தச் சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ‘மதர்த்த’ என்றதும் வாசகர் எங்கே போவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால் என் முன்மொழிவு: அடாவடி. செயலைக் குறிக்கிறது, எதிராளி இருக்கிறார், வசவாகவும் பயன்படுகிறது, ‘செய்’ சேர்த்தால் வினை. மெய்டியாஸ் செய்தது அடாவடி. டரையஸின் மகன் ஜெர்க்ஸீஸ் கடலுக்குச் சவுக்கடி கொடுத்ததும் அடாவடி.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மண்ணிலிருந்து மனிதரை உண்டாக்கியதற்கு ‘படைத்தல்’ வேண்டாம், ‘வனைதல்’ போடுவோம். கிரேக்க வினை மண்ணைக் குழைத்து உருவாக்கும் வினை. பழைய கவிஞர் ஹெசியோடில் பிரமீத்தியூஸ் மனிதரைச் செய்யவில்லை, முதல் பெண்ணான பண்டோராவைத்தான் ஹெஃபைஸ்டஸ் மண்ணாலும் நீராலும் செய்கிறார். மனிதரை வனைந்தவன் பிரமீத்தியூஸ் என்பது அதற்குப் பிந்தைய கதைகளில் வருவது. பனோபியஸ் ஊரில் அந்த மண்ணின் மிச்சம் என்று சொல்லி மனிதத் தோல் வாசனை அடிக்கும் இரண்டு பாறைகளைக் காட்டினார்கள் என்று பயண எழுத்தாளர் பாசனியாஸ் எழுதுகிறார். புறநானூற்றுக் ‘கலஞ்செய் கோ’ ஈமத்தாழியை வனைவான், இவன் ஆளையே வனைகிறான்.

———

தம்பி,

வனைதல் அருமை, அதில் பேச்சே இல்லை. அடாவடியில்தான் எனக்கு இடிக்கிறது. சந்தையில் அடாவடி வசூல் என்கிறோம். அங்கே ஆதாயம் இருக்கிறது. நீங்கள் சொன்ன அரிஸ்டாட்டில் கணக்குப்படி அது ஹூப்ரிஸே ஆகாது. அவமானப்படுத்துவதில் உள்ள களிப்பு அந்தச் சொல்லில் இல்லை.

குறள் 158ஐ மறந்துவிட்டீர்கள்: ‘மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம் தகுதியான் வென்று விடல்’. மனச்செருக்கு ‘மிகுதி’, அதனால் பிறர்மேல் செய்வது ‘மிக்கவை’. நீங்கள் தவிக்கும் வேறுபாட்டை வள்ளுவர் ஒரே அடியில் பிரித்து வைத்திருக்கிறார். கலைச்சொல்லாக ‘மிக்கவை செய்தல்’ என்று போடக்கூடாதா? பேச்சுவழக்குதான் வேண்டும் என்றால் ‘கொட்டம்’ இருக்கிறது. ஒடிஸ்ஸியஸ் ஊரில் இல்லாதபோது அவன் வீட்டில் அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து உட்கார்ந்தவர்கள் தின்று குடித்து அடித்தது கொட்டம்தானே? அடாவடியை அடக்குவோம் என்று நாம் சொல்வதில்லை, கொட்டத்தைத்தான் அடக்குவோம். பின்னால் தண்டனை வரப்போகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

———

ஐயா,

குறளைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. மிகுதி, மிக்கவை என்ற பிரிப்பைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே வைக்கப்போகிறேன். ஆனால் கிராட்டோஸ் சுத்தியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘மிக்கவை செய்’ என்றால் பரிமேலழகர் உரை சொல்வது போல் இருக்கும்.

கொட்டத்தை இரண்டு அடியிலும் போட்டுப் பார்த்தேன். 82இல் அபாரமாக உட்காருகிறது: ‘இனி இங்கே இருந்து கொட்டமடி!’ 970இல் கவிழ்ந்துவிடுகிறது. கொட்டமடிப்பவரிடம் கொட்டமடிப்பது என்றால் இருவரும் சேர்ந்து விருந்து சாப்பிடுவது போலாகிறது. ‘அடாவடி செய்பவரிடம் அடாவடிதான் செய்ய வேண்டும்’ நிற்கிறது. ஆதாயம் பற்றிய உங்கள் ஆட்சேபம் சரியானதே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹூப்ரிஸுக்கும் ஏதென்ஸ் தெருவில் அரிஸ்டாட்டில் போட்ட வேலிக்கு வெளியே புழக்கம் இருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கழுதைகளின் போக்கைக்கூட கவிஞர் பிண்டார் அந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்.

சொல்லடைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: ஹூப்ரிஸ் – அடாவடி, பெனலோப்பியைச் சூழ்ந்தவர்கள் வரும் இடத்தில் கொட்டம், ஏதென்ஸ் சட்டம் வரும் இடத்தில் அடாவடிக் குற்றம். மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.