ஓட்டுநர் இல்லாத டாக்சியில் அம்மாவைத் தனியாக அனுப்பலாமா?

கயல்:
சான் பிரான்சிஸ்கோவில் சன்செட் பகுதியில் இருக்கிறோம். அம்மா பிசியோதெரபிக்காக மிஷன் பே வரை போய்வர வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே வேலை. வேமோ என்ற ஓட்டுநரில்லா டாக்சியில் ஏற்றிவிடலாம் என்கிறார் கணவர். "ஆளே இல்லாத வண்டியிலா?" என்று மிரள்கிறார் அம்மா. மனிதர் ஓட்டுவதைவிட அது பாதுகாப்பானதுதானா?

மூடுபனி:
என் மாமியார் அதில்தான் போகிறார். ஓட்டுநர் கதை கேட்க மாட்டார், திடீர் பிரேக் கிடையாது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

கோரிக்கைக்காரன்:
வாகனக் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. மகிழ்ச்சியை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். வேமோவும் சுவிஸ் ரீ என்ற காப்பீட்டுத் துறை நிறுவனமும் 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு 2.53 கோடி மைல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. மனிதர் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிட்டால் சொத்துச் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும் உடற்காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. நிறுவனமே பங்குபெற்ற ஆய்வு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். அப்படியும் வித்தியாசம் பெரிது. என் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதி, கைபேசியைப் பார்த்துக்கொண்டே முன்வண்டியில் மோதியவர்களுடையவை. இயந்திரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆனால் அமெரிக்கச் சாலைகளில் சுமார் 8 கோடி மைலுக்கு ஓர் உயிர் போகிறது. இரண்டரைக் கோடி மைலை வைத்து மரணத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இன்னொன்று, அந்த 'மனித ஓட்டுநர்' என்பது குடித்தவர், தூங்கிவழிபவர் எல்லாரையும் சேர்த்த சராசரி. இருபது வருடம் டாக்சி ஓட்டிய நிதானமான ஆளோடு இந்த ஆய்வு ஒப்பிடவில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் என்பதையும் மறக்காதீர்கள். 2023 அக்டோபரில் இதே ஊரில், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்ணை குரூஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஓட்டுநரில்லா வண்டி இடித்தது. நின்ற பிறகு, ஓரமாக ஒதுங்குவதாக எண்ணி, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அந்த இழுவையை மறைத்து அறிக்கை கொடுத்ததாக நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. எனக்கு விபத்தைவிட இதுதான் உறுத்துகிறது.

கயல்:
அப்படியானால் அனுப்பலாம் என்கிறீர்களா?

கோரிக்கைக்காரன்:
மோதல் பயத்துக்காகத் தடுக்க மாட்டேன். என் கவலை வேறு. 2025 டிசம்பரில் மின்சாரம் போய் சிக்னல்கள் அணைந்தபோது வேமோ வண்டிகள் பல சந்திப்புகளிலேயே நின்றுவிட்டன. அப்படி நடந்தால் உதவி மையத்தோடு அம்மா பேசிக்கொள்வாரா? சில சமயம் வாசலுக்குச் சற்றுத் தள்ளியும் இறக்கிவிடும். முழங்கால் வலியோடு நடப்பவருக்குக் கைகொடுக்க வண்டியில் ஆளில்லை. முதல் சில முறை நீங்களோ கணவரோ கூடப் போய், எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கயல்:
முழங்கால்தான். எப்படித் தெரிந்தது! சனிக்கிழமை கூடப் போகிறேன்.