மின்சுடலையில குடம் சுத்த இடம் வேணுமா வேணாமா?

பினாங்குப்பொண்ணு:
போன மாசம் அப்பாவ கோலாலம்பூர்ல ஒரு மின்சுடலையில தகனம் பண்ணோம். பெட்டிய தண்டவாளத்து மேல வச்சு செவுத்த ஒட்டி நிறுத்திட்டாங்க, அண்ணன் நீர்க்குடத்த தோள்ல வச்சுகிட்டு எப்படி மூணு சுத்து வர்றது? பெட்டி முன்னாடியே அரைவட்டமா போய்ப் போய் வந்தாரு. சுத்துக்கு ஒரு ஓட்டை போடுவாங்கல்ல, அந்தத் தண்ணி டைல்ஸ்ல விழுந்து ரெண்டாவது சுத்துலயே வழுக்கி குடம் உடைஞ்சு போச்சு. அம்மா இன்னும் அதயே சொல்லி அழுவுறாங்க. நான் கட்டட பிளான் வரையிற வேலையில இருக்கேன், அந்த ரூம வரைஞ்சவங்க நம்ம சடங்க ஒரு தடவ கூட நின்னு பாக்கல.

தோட்டத்துப்பையன்:
தங்கச்சி, வருத்தமாத்தான்மா இருக்கு. ஆனா கட்டை அடுக்கி எரிச்சத நீங்க பாத்ததில்ல போல. எங்க பாட்டி போனப்ப தோட்டத்து சுடுகாட்டுல பேய்மழை, ரப்பர் கட்டை எல்லாம் நனைஞ்சு மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி ராத்திரி ஆயிருச்சு, மறுநாள் பால் தெளிக்கப் போனப்ப பாத்தத இங்க எழுத முடியாது. 300, 400 கிலோ காஞ்ச கட்டைக்கு எங்க போறது? பினாங்கு பத்து லஞ்சாங் சுடுகாட்டுல சுத்தி வீடுங்க, புகை எங்க போகும்? மின்சுடலையில 800 டிகிரிக்கு மேல சூடு, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுருது. மனசுல சுத்துனா போதும்லா.

பினாங்குப்பொண்ணு:
கட்டை வேணும்னு நான் எங்கண்ணே சொன்னேன்? டெல்லியில மோக்‌ஷதான்னு ஒரு அமைப்பு இரும்புத் தட்டும் புகைபோக்கியும் வச்சு கட்டைய நல்லா கொறச்சிருக்காங்க, ஆனா நான் கேக்கறது அது கூட இல்ல, எடம்தான். குடத்த உடைச்சா திரும்பிப் பாக்காம போகணும், அங்க இருந்ததே ஒரு கதவு, அதுலயும் அடுத்த குடும்பம் பெட்டியோட நிக்குது, அண்ணன் திரும்பி அப்பா பக்கமாத்தான் வெளிய வரவேண்டியிருந்துச்சு.

செராஸ் அக்கா:
நான் ரெண்டு பேர் கூடவும் ஒத்துப்போகல. எங்கம்மா காலத்துல பொம்பளைங்க தெருமுனையோட நின்னுருவோம். ஹாலு, நாற்காலி, கூரைன்னு வந்ததாலதான் நாங்க உள்ள வந்தோம், எங்கப்பாவுக்கு ஆம்பளப்புள்ள இல்ல, நான்தான் கொள்ளி வச்சேன். சூடத்த பெட்டி மேல கொளுத்தி வச்சு தள்ளுனாங்க, கதவு இறங்கறப்ப அந்த வெளிச்சம் கீழ ஒரு கோடு மாதிரி நின்னுச்சு, அப்புறம் இல்ல. அந்தக் கோட்ட பாக்க விட்ட எடம் அது, அதனால மின்சுடலையையே கொற சொல்லாதீங்க தங்கச்சி. தம்பி, நீங்களும் மனசுல சுத்துனா போதும்னு சுலபமா சொல்லாதீங்க, காலு நடந்தாத்தான் மனசு நம்பும்.

தோட்டத்துப்பையன்:
அக்கா சொல்றது சரிதான், ஆனா டவுன்ல நெலம் எங்கக்கா இருக்கு?

பினாங்குப்பொண்ணு:
பெட்டி 2 மீட்டர். சுத்தி ஒன்றரை மீட்டர் விட்டா குடம் எடுக்கறவரும் பின்னாடி ஓட்டை போடறவரும் தாராளமா நடக்கலாம், மொத்தமே ரெண்டு காரு நிறுத்துற எடம் கூட ஆகாது. எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு, வெளிய வந்ததும் கால் கழுவ ஒரு பைப்பு.

தோட்டத்துப்பையன்:
நான் சொன்னத மாத்திக்கலம்மா, கட்டைக்கு நான் எப்பவும் ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்தப் பிளான வரைஞ்சு போடுங்க, கோயில் கமிட்டியில காட்டுறேன். குடத்துத் தண்ணி விழற எடத்துல டைல்ஸ் வேணாம், சொரசொரன்னு சிமெண்டு போடச் சொல்லுங்க.