1 பிட் போதுமாம்! விட்டர்பி டிகோடர் பற்றி

மருதானைச் சிற்பி: விட்டர்பி டிகோடர் என்பது இரைச்சலில் பிழைபட்டு வந்த பிட்களிலிருந்து அனுப்பியதை மீட்கும் சுற்று. அதைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "விட்டர்பி டிகோடருக்கு உள்ளே 1 பிட் வந்தால் போதும், 3 பிட் கொடுப்பது சிப்பில் இடத்தை வீணாக்கும்." வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1 பிட்டில் வந்தது 0வா 1ஆ என்பது மட்டும்தான் தெரியும், 3 பிட்டில் அது எவ்வளவு உறுதி என்பதும் தெரியும். தயங்கி வந்த 0வையும் உறுதியாக வந்த 0வையும் ஒன்றாகக் கணக்கெடுத்தால் சிக்னல் வலுவில் ஏறக்குறைய 2 டெசிபெல் போய்விடும். அதை ஈடுகட்ட அனுப்பும் சக்தியை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும். 3 பிட்டில் இழப்பு கால் டெசிபெல்தான்.

கொட்டாஞ்சேனை: எழுதியது நான். பெயர் சொல்லியே கேட்கலாம். வைஃபையின் பிழைதிருத்தக் குறியீட்டில் 64 நிலை, நிலைக்கு ஒன்றாக 64 பாதை மெட்ரிக், அதாவது அந்த நிலைக்கு வரும் பாதை பெற்ற பிட்களிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கூட்டுத்தொகை. அத்தனையும் அகலுமே, அந்த இடத்துக்கு யார் பதில் சொல்வது?

மருதானைச் சிற்பி: 5 பிட் மெட்ரிக் 8 பிட் ஆகும், அவ்வளவுதான். எந்தப் பாதை வென்றது என்று குறித்து வைக்கும் பாதை நினைவகத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு நிலைக்கு 1 பிட்தான் எழுதுகிறோம், உள்ளே 1 வந்தாலும் 3 வந்தாலும்.

கொட்டாஞ்சேனை: 8 ஆகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மெட்ரிக்கைக் கூட்டி, ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்த விடை அடுத்த கிளாக்கிலேயே அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவில் பைப்லைன் போட்டு வேலையைப் பல கிளாக்குகளாகப் பிரிக்க முடியாது. அகலம் கூடினால் வேகம் விழும்.

வெள்ளவத்தை அக்கா: விட்டர்பி இந்த முறையை வெளியிட்ட 1967இலேயே இன்னும் நிற்கிறீர்களா? 5ஜி தரவுக்கு எல்டிபிசி என்ற வேறு பிழைதிருத்தக் குறியீடு வந்துவிட்டது. அதைக் கதையுங்கள்.

மருதானைச் சிற்பி: அக்கா, எல்டிபிசியைக் கலகர் 1962இலேயே எழுதிவிட்டார். பழசு புதுசு அல்ல பேச்சு. 3 பிட்தான் பேச்சு.

கொட்டாஞ்சேனை: போன வருசம் பம்பலப்பிட்டியில் நீங்கள் காட்டிய போர்டில் மெட்ரிக் நிரம்பிப் பிழை பிழையாக வந்ததே, அதுவும் 3 பிட்தானே?

மருதானைச் சிற்பி: அதை இங்கே இழுக்க வேண்டாம். மெட்ரிக் நிரம்பி மறுபடி 0விலிருந்து சுற்றி வரட்டும் என்றுதான் விடுவோம். இரண்டு மெட்ரிக்கையும் கழித்து, விடையின் குறியைக் காட்டும் மேல் பிட்டைப் பார்த்தால் சிறியது எது என்று தெரியும். நான் கழிக்காமல் நேரே ஒப்பிட்டிருந்தேன். அன்றிரவே திருத்தினேன். பிழை என்னுடையது, 3 பிட்டுடையது அல்ல.

புதியவன்: அண்ணா, மெட்ரிக்குக்குத் தமிழ்ச் சொல் இல்லையா?

வெள்ளவத்தை அக்கா: நல்ல கேள்வி. 'பாதைச் செலவு' என்று நான் எப்போதோ சொன்னேன், ஒருவரும் எடுக்கவில்லை.

கொட்டாஞ்சேனை: செலவு என்றே வையுங்கள். செலவைக் குறைக்கத்தான் 1 பிட் கேட்கிறேன்.

மருதானைச் சிற்பி: 2 டெசிபெல் செலவில்லையா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.