ஹாங்காங்கில் இருப்பவர்களே, அம்மாவை எந்த மாதம் அழைத்து வரலாம்?

வணக்கம். மதுரையிலிருந்து அம்மாவை இரண்டு மாதம் இங்கே அழைத்து வந்து தங்க வைக்க ஆசை. அவருக்கு ஆஸ்துமா இருப்பதால் பருவம் பார்த்து டிக்கெட் போட வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். புழுக்கம் அவருக்குப் பழகியதுதான். ஆனால் 8ஆம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் வெளிநோயாளிகள் பார்க்கும் கிளினிக்குகள்கூட மூடிவிடும். மழை மணிக்கு 70 மி.மீ. தாண்டும்போது விடும் ‘கருப்பு’ எச்சரிக்கை (மழை எச்சரிக்கைகளில் மிக உயர்ந்தது) நாளிலும் வெளியே கிளம்ப முடியாது.

மார்ச், ஏப்ரல் இன்னும் பயம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, குளிர்ந்திருக்கும் சுவரிலும் தரையிலும் பட்டுத் தண்ணீராக வழிகிறது. அப்புறம் அலமாரி முழுக்கப் பூஞ்சைதான்.

அதனால் நவம்பர், டிசம்பர் என்று நினைக்கிறேன். 20 டிகிரியை ஒட்டிய இதமான காலம், மழையும் குறைவு. ஆனால் வடக்கிலிருந்து வறண்ட காற்றோடு மாசும் வருகிறதே, ஆஸ்துமாவுக்கு அது எப்படி? வீட்டில் ஹீட்டர் இல்லை. டிசம்பர் கடைசியில் திடீரென்று குளிர்ந்தால் வயதானவர்கள் தாங்குவார்களா? பெற்றோரை அழைத்து வந்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தமிழோ ஆங்கிலமோ பேசும் நுரையீரல் மருத்துவர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.