புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ் பிரச்சினை தீந்துச்சு, தப்பு என் மேலதான்

போன வாரம் புலம்பியிருந்தேன்லா: பேட்டையில அரிசி மண்டி சர்வர், உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் (தகவலைச் சேத்து வைக்கிற டேட்டாபேஸ்) 16-ம் பதிப்பு போட்டாச்சு. ஆனா பில் போடுற கம்ப்யூட்டர்ல இருந்து போனா "பிஜி_ஹெச்பிஏ-வில் இந்த ஹோஸ்டுக்கு வரி இல்லை"ன்னே வருது. பிஜி_ஹெச்பிஏங்கிறது, எந்தக் கம்ப்யூட்டரை உள்ள விடணும்னு எழுதி வைக்கிற ஃபைலு. அந்த வரியை நாலு தடவை எழுதி, நாலு தடவை ரீஸ்டார்ட் பண்ணியிருந்தேன்.

"பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி"ன்னு ஒருத்தர் சொன்னாரு. சர்வர்ல எத்தன போஸ்ட்கிரெஸ் இருக்குன்னு காட்டுற கட்டளை அது. அடிச்சா ரெண்டு வரி. பதிப்பு 14, போர்ட் (உள்ள வர்ற கதவு நம்பர்) 5432. 16, போர்ட் 5433. ரெண்டுமே ஆன்லைன்!

எனக்கு முன்னால பாத்தவர் 14-ஐப் போட்டு வச்சிருக்காரு. 5432-ல ஏற்கெனவே ஆள் இருந்ததால புதுசு 5433-க்குப் போயிட்டு. நான் திருத்துனது 16-ஓட ஃபைலு, பில் மென்பொருள் தட்டுனது 14-ஓட கதவு. இதுல கூத்து, நான் உருவாக்குன யூசரும் 14-லதான் கிடக்கு.

14-ல இருந்ததை எல்லாம் பிஜி_டம்ப்ஆல் கட்டளையால நகல் எடுத்து பென்டிரைவ்ல வச்சேன். பெறவு அதை நிப்பாட்டி, அதோட ஸ்டார்ட்.கான்ஃப் ஃபைல்ல 'மேனுவல்'னு (நாமளா கிளப்புனாத்தான் ஓடும்) மாத்தினேன். இல்லன்னா கரண்ட் போயி வந்தா அதுவும் எந்திரிச்சிரும். 16-ஐ 5432-க்கு மாத்தி, யூசரை மறுபடி போட்டு, வெளிக் கம்ப்யூட்டர்ல இருந்து வர்றதையும் கேக்குற மாதிரி லிசன்_அட்ரெசஸ் அமைப்பையும் திருத்தினேன். சாயங்காலம் மொத பில்லு வந்துட்டு, இருபத்தஞ்சு கிலோ பொன்னி.

14-ஐ இன்னும் அழிக்கல. ஒரு மாசம் கெடக்கட்டும்.