கார்பனேட்டில் இரட்டைப் பிணைப்பு எந்த ஆக்சிஜனுக்கு?

கானாடுகாத்தான் பிளஸ் ஒன்:
கார்பனேட் அயனிக்கு (CO₃²⁻) லூயிஸ் அமைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் புள்ளியும் கோடுமாகக் காட்டும் படம், வரைந்தால் ஒரு ஆக்சிஜனுக்கு இரட்டைப் பிணைப்பு, மற்ற இரண்டுக்கும் ஒற்றைப் பிணைப்பு வருகிறது. ஆனால் கால்சைட்டில் (கால்சியம் கார்பனேட் கனிமம்) மூன்றும் ஒரே நீளம், சுமார் 129 பிக்கோமீட்டர் என்று போட்டிருக்கிறது. என் படம் தப்பா? இன்னொன்று: கார்பன் டைஆக்சைடு நேர்கோடு, கார்பனேட் மட்டும் ஏன் முக்கோணம்?

சுண்ணாம்புக் காளவாய்:
படம் தப்பில்லை, பாதிதான். கணக்கைப் பாருங்கள்: கார்பன் 4, ஆக்சிஜன் மூன்றுக்கும் 18, எதிர்மின்சுமைக்கு 2, ஆக 24 இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்கள். அந்த 2-ஐ விட்டுவிட்டு 22 வைத்து வரைந்தால் ஒரு ஆக்சிஜன் 6 எலக்ட்ரானோடு நின்றுவிடும். பரீட்சையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

மூன்று ஒற்றைப் பிணைப்புக்கு 6 போனால் மிச்சம் 18. ஆக்சிஜனுக்கு ஆறாறாகப் பிரித்தால் தீர்ந்தது. ஆனால் எட்டு வேண்டிய கார்பனிடம் 6 தான் இருக்கிறது. ஏதாவது ஒரு ஆக்சிஜனின் தனித்த இரட்டையை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் சோடி) உள்ளே இழுத்தால் அதற்கும் எட்டு. 'ஏதாவது ஒன்று' என்பதால் மூன்று படம் வரும். மூன்றையும் வரைந்து, ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் நடுவில் இருதலை அம்புக்குறி ஒன்று போடுங்கள். சமநிலைக்குப் போடும் இரட்டை அரை அம்பைப் போட்டால் மார்க் போகும்.

பங்காளி:
இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன் விட்டு ஆக்சிஜன் தாவுகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பங்காளிகள் முறை வைத்துக் கோயில் பூசை செய்வது மாதிரி இல்லை இது. பாகம் பிரிக்காத வளவு வீடு. நாலு பிணைப்பு, மூன்று பங்கு: பிணைப்புத் தரம் 1.33. மின்சுமையும் அப்படியே, ஆளுக்கு மூன்றில் இரண்டு. நீளமும் ஒத்துப்போகிறது பாருங்கள்: மெத்தனாலின் ஒற்றைப் பிணைப்பு 143, கார்பன் டைஆக்சைடின் இரட்டை 116, இது இரண்டுக்கும் நடுவே.

சுண்ணாம்புக் காளவாய்:
வடிவத்துக்கு வருவோம். கார்பனைச் சுற்றி எத்தனை திசையில் எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரட்டைப் பிணைப்பும் ஒரு திசைதான். டைஆக்சைடில் இரண்டு திசை, 180 பாகை. கார்பனேட்டில் மூன்று, 120 பாகை, தட்டை. கார்பனில் தனித்த இரட்டை இரண்டிலும் கிடையாது.

நம்மூர் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது நடப்பதே இந்த வடிவ மாற்றம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு பூச்சின் ஈரத்தில் கரைகிறது. ஹைட்ராக்சைடு அயனி கார்பனைத் தாக்குகிறது. அந்த நிமிஷமே நேர்கோடு வளைகிறது. முதலில் பைகார்பனேட், பிறகு புரோட்டான் ஒன்று போய் கார்பனேட், அது கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட். ஈரம் முழுக்க வற்றிவிட்டால் இந்த வினை ஏறக்குறைய நின்றுபோகும், பூச்சு மாவு மாதிரி உதிரும். பூசியபின் நீர் தெளிப்பது இதற்குத்தான்.

கால்சியத்துக்கும் கார்பனேட்டுக்கும் நடுவில் அயனிப் பிணைப்பு, கார்பனேட்டுக்குள் சகப்பிணைப்பு. 'கால்சியம் கார்பனேட்டில் என்ன பிணைப்பு' என்று கேட்டால் இரண்டையும் எழுத வேண்டும்.

கானாடுகாத்தான் பிளஸ் ஒன்:
நன்றி அண்ணா. நைட்ரேட்டும் 24 தானே? சல்பைட்டிலும் மூன்று ஆக்சிஜன், அதுவும் தட்டையா?

பங்காளி:
நைட்ரேட் சரி: 5, 18, 1. தட்டைதான், ஆனால் நைட்ரஜனின் முறைசார் மின்சுமை (பிணைப்பு எலக்ட்ரான்களைச் சரிபாதியாகப் பிரித்துக் கணக்கிடும் சுமை) +1, அதை மறக்காமல் குறியுங்கள். சல்பைட்டில் 6, 18, 2 என்று 26 வரும். அந்தக் கூடுதல் இரண்டும் கந்தகத்தின் மேல் தனித்த இரட்டையாக உட்கார்ந்து மூன்று பிணைப்பையும் கீழே தள்ளும். அம்மோனியா மாதிரிக் கூம்பு.